பப்ளிஷ் ஆகிறது, செய்தி வரவில்லை: ரெடிஸ் பப்-சப் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

ரெடிஸ் என்பது தரவை நினைவகத்தில் வைத்து வேலை செய்யும் சர்வர்; நிரல்களுக்குள் செய்தி பரிமாற அதில் இருக்கும் வசதிதான் பப்-சப். அதை ஓட வைக்கப் பத்து நிமிடம் போதும். ஒரு நிரல் சேனலில் செய்தியைப் போடுகிறது. அந்தச் சேனலைக் கேட்டுக்கொண்டிருக்கும் நிரல்கள் எல்லாவற்றுக்கும் அது போகிறது. ஒரு நாள் போகாமல் இருந்தால்தான் திண்டாட்டம். அனுப்பிய நிரல் எந்தப் பிழையும் சொல்லாது. கேட்கும் நிரலும் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதாகவே தெரியும். நடுவில் செய்தி மட்டும் காணாமல் போயிருக்கும்.

ரெடிஸ் இந்தச் செய்திகளை எங்கும் சேமித்து வைப்பதில்லை. பப்ளிஷ் கட்டளை வரும் அந்தக் கணத்தில் யார் இணைப்பில் இருக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு முறை அனுப்பும், அதோடு மறந்துவிடும். பள்ளிக்கூட மணி மாதிரி: அந்த நேரம் காதுக்கெட்டும் தூரத்தில் இல்லாதவனுக்காக மணி இன்னொரு முறை அடிக்காது. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இதை மறந்ததால் வருபவை.

நான் பராமரிக்கும் ஓர் உணவக மென்பொருளை வைத்தே சொல்கிறேன். பில் போடும் கவுன்டரில் ஆர்டர் பதிவானதும் ஒரு சேனலில் செய்தி போகும். சமையலறைச் சுவரில் மாட்டிய திரைக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கணினி அதைக் கேட்டு, "2 மசால் தோசை, மேசை 7" என்று காட்டும். ரெடிஸ் கிளவுடில் இருக்கிறது, கிளைகள் வெவ்வேறு ஊர்களில்.

முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்

பப்ளிஷ் கட்டளை ஓர் எண்ணைத் திருப்பித் தரும்: செய்தி எத்தனை கிளையன்ட்டுகளுக்குப் போனது என்ற எண்ணிக்கை. பெரும்பாலான நிரல்களில் இதை யாரும் வாங்கி வைப்பதே இல்லை. இன்றைக்கே அதை லாகில் எழுத வையுங்கள். சேனல் பெயர், எண், நேரம் மூன்றும் ஒரே வரியில் இருந்தால், பிரச்சினை வரும் நாளில் எங்கே தேட வேண்டும் என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடும். 0 என்றால் கேட்பவர் இல்லை. எதிர்பார்த்த எண் வந்தும் திரையில் ஒன்றும் இல்லையென்றால், வழியிலோ கேட்கும் நிரலுக்குள்ளோ கோளாறு. எதிர்பார்த்ததைவிடக் கூட வந்தால் யாரோ கூடுதலாகக் கேட்கிறார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கிளஸ்டரில், அதாவது பல ரெடிஸ் சர்வர்கள் (நோடுகள்) ஒன்றாகச் சேர்ந்து ஓடும் இடத்தில், இந்த எண்ணை நம்ப முடியாது. பப்ளிஷ் செய்தவர் எந்த நோடில் இருக்கிறாரோ அதே நோடில் கேட்பவர்களை மட்டும்தான் அது எண்ணும். மற்ற நோடுகளில் கேட்பவர்களுக்கும் செய்தி போகும், ஆனால் எண்ணில் வராது.

அறிகுறி: எண் 0 வருகிறது

இரண்டு நிரல்களும் ஒரே ரெடிஸோடுதான் பேசுகின்றனவா என்று முதலில் பாருங்கள். டாக்கர் கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் அது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். மடிக்கணினியில் 6379 போர்ட்டில் முன்பே ஒரு ரெடிஸ் ஓடிக்கொண்டிருக்கலாம். ஒரு நிரல் அதோடும் இன்னொன்று கன்டெய்னரில் இருப்பதோடும் சேர்ந்திருக்கும். ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டு நிரல்களிலிருந்தும் இன்ஃபோ சர்வர் கட்டளையைக் கொடுத்து, ரன்-ஐடி என்ற 40 எழுத்து அடையாளத்தை ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் சர்வரும் வேறு.

டேட்டாபேஸ் எண் காரணமாக இருக்குமோ என்று பலர் மணிக்கணக்கில் தேடுவார்கள். இருக்காது. பப்-சப்புக்கும் டேட்டாபேஸ் எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. 0-வில் இருந்து அனுப்பியதை 5-ல் இருப்பவர் கேட்கலாம். அதனாலேயே டெஸ்ட் சூழலை வேறு டேட்டாபேஸ் எண்ணில் வைத்துவிட்டு, பிரித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. டெஸ்ட்டில் போட்ட ஆர்டர் உண்மையான சமையலறையில் தோசையாகிவிடும்.

அடுத்தது சேனல் பெயர். ரெடிஸுக்கு அது வெறும் பைட் வரிசை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, கடைசியில் ஒட்டிக்கொண்ட ஓர் இடைவெளி, எது மாறினாலும் வேறு சேனல்தான். சில ஃப்ரேம்வொர்க்குகள் நமக்குத் தெரியாமல் முன்னொட்டும் சேர்க்கும். பிஎச்பியின் லாராவெல் அப்படித்தான்: அதிலிருந்து அனுப்பி நோட்.ஜேஎஸ் நிரலில் கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது இதில் மாட்டியிருப்பார்கள்.

சேனல் பெயரில் தமிழ் இருந்தால் இன்னொரு பொறி உண்டு, இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். நாங்கள் கிளையின் பெயரையே சேனலில் சேர்த்திருந்தோம். கோவைக் கிளைக்கு மட்டும் எண் 0. கவுன்டர் நிரலிலும் சமையலறை நிரலிலும் "கோவை" என்றுதான் இருக்கிறது, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. யாராவது கேட்டுக்கொண்டிருக்கும் சேனல்களைப் பட்டியலிடும் பப்சப் சேனல்ஸ் கட்டளையைக் கொடுத்தால் தமிழ் எழுத்து வராமல் சாய்கோடும் பதினாறடிமான எண்களுமாக வந்தது. தமிழில் படிக்க ரெடிஸ்-சிஎல்ஐ என்ற கட்டளைக் கருவியை ரா ஆப்ஷனோடு திறக்கலாம்தான், ஆனால் அன்றைக்கு அந்த எண்கள்தான் காப்பாற்றின. கவுன்டர் லாகில் இருந்த பெயரையும் பைட்டுகளாக எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்: ஒன்று 12 பைட், இன்னொன்று 15 பைட்.

யூனிகோடில் "கோ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம். அல்லது ஏகார இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் என்பதால், முதல் வகையில் "கோவை" 4 குறியீடு, 12 பைட். இரண்டாவதில் 5 குறியீடு, 15 பைட். ஒரு பக்கம் வேறு விசைப்பலகையில் தட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் எல்லாவற்றிலும் இது நடக்கும். இரு பக்கமும் பெயரை, பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு அனுப்பினால் சரியாகிவிடும். பைதானில் யூனிகோட்டேட்டா தொகுதியில் அதற்கு ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. நாங்கள் இன்னும் ஒரு படி போய், சேனல் பெயரில் கிளை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டோம். தமிழ்ப் பெயர் செய்திக்குள் போகிறது. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

அப்புறம், நட்சத்திரக் குறி. சேனலைக் கேட்கும் கட்டளையான சப்ஸ்கிரைப்பை "ஆர்டர்:*" என்று கொடுத்தால், நட்சத்திரத்தையே பெயரில் கொண்ட ஒரு சேனலைத்தான் ரெடிஸ் கேட்கும். மாதிரியை வைத்துக் கேட்கப் பிசப்ஸ்கிரைப் வேண்டும். பிசப்ஸ்கிரைப்பில் கேட்பவர்கள் பப்சப் சேனல்ஸ், சேனலுக்கு எத்தனை பேர் என்று சொல்லும் பப்சப் நம்சப் இரண்டிலுமே தென்பட மாட்டார்கள், அவர்கள் கேட்கும் மாதிரிகளின் எண்ணிக்கை மட்டும் பப்சப் நம்பாட்டில் வரும். பட்டியலில் இல்லையே என்று பதறுவதற்கு முன் அங்கே பாருங்கள்.

ரெப்ளிகா, அதாவது மாஸ்டர் சர்வரின் நகல், வைத்திருந்தால்: மாஸ்டரில் பப்ளிஷ் செய்தது ரெப்ளிகாவில் கேட்பவருக்கும் போகும், ரெப்ளிகாவில் பப்ளிஷ் செய்தது மாஸ்டருக்கு ஏறாது. 2022-ல் வந்த 7.0 பதிப்பின் ஷார்டட் பப்-சப்பும் (கிளஸ்டரில் சேனல்களை நோடுகளுக்குப் பங்கிடும் வகை) தனி உலகம். எஸ்பப்ளிஷில் அனுப்பியதை எஸ்சப்ஸ்கிரைப்பில்தான் கேட்க முடியும், சாதாரண சப்ஸ்கிரைப்பில் கேட்காது.

அறிகுறி: எண் 1 வருகிறது, திரையில் ஒன்றும் இல்லை

இதுதான் எங்களை அதிக நாள் அலைக்கழித்தது. ஒரு கிளையில் மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு முடிந்தால், அடுத்த ஆர்டர் ஆறு மணி வாக்கில்தான் வரும். அந்த முதல் மாலை ஆர்டர் சமையலறைக்குப் போகவில்லை. வாடிக்கையாளர் இருபது நிமிடம் காத்திருந்துவிட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. லாகைப் பார்த்தால் எண் 1. திரைக் கணினியை அணைத்துப் போட்டால் எல்லாம் சரி. மறுநாள் மாலை திரும்பவும் அதே கதை.

அந்த 1-க்கு என்ன பொருள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு கிளையன்ட்டுக்கான பஃபரில், அதாவது அனுப்புவதற்கு முன் தற்காலிகமாக வைக்கும் இடத்தில், செய்தியைப் போட்டேன் என்றுதான் ரெடிஸ் சொல்கிறது. அவர் வாங்கிக்கொண்டார் என்று சொல்லவில்லை. இரண்டு மூன்று மணி நேரம் ஒரு பைட்கூட ஓடாத இணைப்பை வழியில் இருந்த ரூட்டர் தன் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது. இரு முனைக்கும் அது சொல்லிக்கொள்ளவில்லை. சர்வர் இணைப்பு இருப்பதாக நினைக்கிறது, திரைக் கணினி செய்தி ஏதும் வரவில்லை என்று பொறுமையாகக் காத்திருக்கிறது. சர்வர் அனுப்பியதற்குப் பதில் வராதபோது லினக்ஸ் கால் மணி நேர அளவுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் கைவிடும். அதுவரை எண் 1 ஆகவே இருக்கும்.

ரெடிஸின் டைம்அவுட் அமைப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் பயனில்லை, சப்ஸ்கிரைப் செய்த கிளையன்ட்டுகளை அது தொடாது. பார்க்க வேண்டியது, சும்மா இருக்கும் இணைப்பில் அவ்வப்போது ஒரு சின்னப் பாக்கெட் அனுப்பும் டிசிபி-கீப்அலைவ். 3.2.1 பதிப்பிலிருந்து இதன் இயல்பு மதிப்பு 300 வினாடி, அதற்கு முன் 0. எங்கள் கான்ஃபிக் கோப்பு பழைய சர்வரிலிருந்து அப்படியே எடுத்து வந்தது, அதில் 0 இருந்தது. ஆனால் 300 வைத்தாலும் எல்லா இடத்திலும் போதாது. அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்சர் சும்மா இருக்கும் இணைப்பை இயல்பாக 350 வினாடியில் விட்டுவிடும், அங்கே 300 தாங்கும். அஷூர் லோட் பேலன்சருக்கு அது 4 நிமிடம், அதாவது 240 வினாடி. 300-க்கு முன்பே கதவு சாத்தியாகிவிடும். 60 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிட உறுதியானது நிரலிலேயே ஒரு நாடித்துடிப்பு வைப்பது. சர்வர் பக்கமிருந்து 30 வினாடிக்கு ஒரு முறை ஒரு வெற்றுச் செய்தி ஒவ்வொரு சேனலிலும் போகட்டும். 90 வினாடி எதுவும் கேட்கவில்லையென்றால் கேட்கும் நிரல் தன் இணைப்பை மூடிவிட்டுப் புதிதாகச் சேரட்டும். இதற்கு, செய்தி வரும்வரை முடிவில்லாமல் காத்திருக்கும் ஃபங்ஷனைப் பயன்படுத்தக் கூடாது. பைதானுக்கான ரெடிஸ்-பை நூலகத்தில் லிசன் அப்படிப்பட்டது. அதற்குப் பதில் கெட்-மெசேஜை ஐந்து வினாடி டைம்அவுட்டோடு சுழற்சியில் கூப்பிடுங்கள். டைம்அவுட் கொடுக்காமல் சுழற்றினால் அது உடனே வெறுங்கையோடு திரும்பித் திரும்பி சிபியூவைத் தின்றுவிடும்.

எண் 1-க்கு வேறு காரணங்களும் உண்டு. கேட்கும் திரெட் ஒரு எக்ஸப்ஷனில் செத்துப் போயிருக்கலாம், நிரலின் மற்ற பகுதி ஓடுவதால் இணைப்பு மட்டும் உயிரோடு இருக்கும். சப்ஸ்கிரைப் செய்ததும் முதலில் வருவது உறுதிப்பதில்தான், அதன் டேட்டா ஓர் எண். அதை ஆர்டர் என்று நினைத்து ஜேசனாகப் பிரிக்கப் போய் முதல் அடியிலேயே திரெட் விழுந்த நிரல்களைப் பார்த்திருக்கிறேன். வரும் பொருளின் டைப் "மெசேஜ்" தானா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

இல்லையென்றால் அந்த 1 உங்கள் நிரலே அல்ல. சோதிக்கத் திறந்துவிட்டு மூட மறந்த ஒரு டெர்மினலாக இருக்கும். கிளையன்ட் லிஸ்ட் டைப் பப்சப் என்று கொடுத்தால் கேட்பவர்கள் மட்டும் வருவார்கள். ஐபி முகவரியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இணைந்தவுடன் கிளையன்ட் செட்நேம் கொடுத்து "kitchen-3" என்று பெயர் வைத்திருந்தால் இன்னும் சுலபம். பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ ஏற்காது, ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும்.

அறிகுறி: ஒரே செய்தி இரண்டு, நான்கு முறை வருகிறது

பில்லுக்கு ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டியது நான்கு போனது. பைதான் வெப் சர்வரான கூனிகார்னில் நான்கு வொர்க்கர் (தனித்தனி ப்ராசஸ்). ஒவ்வொன்றும் தன் பங்குக்கு சப்ஸ்கிரைப் செய்திருந்தது. பப்-சப் கேட்பவர் எல்லாருக்கும் கொடுக்கும், வேலையைப் பங்கு போடாது. கேட்கும் வேலையைத் தனி ப்ராசஸாக வெளியே எடுத்துவிடுவதுதான் சரியான தீர்வு. ஒருவர் மட்டும் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை என்றால் அது வரிசைக்கு உரியது, பப்-சப்புக்கு உரியதல்ல.

சேனலையும் அதைத் தழுவும் மாதிரியையும் ஒரே கிளையன்ட் கேட்டால் சரியாக இரண்டு முறை வரும்: ஒன்று மெசேஜ் என்ற டைப்பில், இன்னொன்று பிமெசேஜ் என்ற டைப்பில்.

திங்கட்கிழமை ஒன்று, புதன்கிழமை மூன்று என்று ஏறிக்கொண்டே போனால் அது கசிவு. பப்ளிஷ் எண்ணும் கூடவே ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் பழைய இணைப்பை மூடாமல் புதியதைத் திறக்கிறீர்கள். எண் அப்படியே இருந்து செய்தி மட்டும் பெருகினால், ஒவ்வொரு மறுஇணைப்பிலும் ஹேண்ட்லரைத் திரும்பப் பதிவு செய்கிறீர்கள்.

அறிகுறி: கூட்ட நேரத்தில் மட்டும் இணைப்பு அறுகிறது

ரெடிஸ் லாகில் "ஓவர்கமிங் ஆஃப் அவுட்புட் பஃபர் லிமிட்ஸ்" என்ற சொற்களைத் தேடுங்கள். கேட்பவர் வாங்கும் வேகத்தைவிட அனுப்பும் வேகம் கூடினால் மிச்சம் சர்வரின் நினைவகத்தில் தேங்கும். பப்-சப் கிளையன்ட்டுக்கு இயல்பான வரம்பு 32 எம்பி. அதைத் தொட்டால் உடனே வெட்டு. 8 எம்பிக்கு மேல் தொடர்ந்து 60 வினாடி இருந்தாலும் வெட்டு. தேங்கியிருந்தது எல்லாம் அதோடு போய்விடும். கிளையன்ட் லிஸ்டில் ஓமெம் என்ற புலம் ஏறுவதைப் பார்த்தே இதை முன்கூட்டிப் பிடிக்கலாம்.

வரம்பைக் கூட்டுவது எல்லாருக்கும் முதலில் தோன்றும். கூட்டலாம், ஆனால் அது ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் தனித்தனி. 64 எம்பி வைத்து நூறு பேர் தேங்கினால் 6 ஜிபிக்கு மேல். இந்த பஃபர் மேக்ஸ்மெமரி கணக்கிலும் சேரும். ஒரு மந்தமான கிளையன்ட்டால் உங்கள் கேஷில் இருந்த கீகள் வெளியேற்றப்படலாம். அதனால் செய்தியைச் சிறிதாக்குங்கள். ஆர்டர் முழுவதையும் அனுப்பாமல் ஆர்டர் எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். கேட்கும் திரெட் அதை வாங்கி உள்வரிசையில் போட்டுவிட்டு உடனே அடுத்ததற்குத் திரும்பட்டும், வேலையை வேறு திரெட் செய்யட்டும்.

அறிகுறி: கட்டளை மறுக்கப்படுகிறது

சப்ஸ்கிரைப் செய்த அதே இணைப்பில் கெட், செட் கொடுத்தால், பழைய ரெஸ்ப்-2 நெறிமுறையில் பிழை வரும். கேட்பதற்கு ஓர் இணைப்பு, மற்ற வேலைக்கு இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 6.0-வில் வந்த ரெஸ்ப்-3-ல் இந்தத் தடை இல்லை.

7.0-க்கு மாறிய மறுநாள் நோபெர்ம் என்ற பிழை வந்தால் அது அனுமதிப் பிரச்சினை. சேனல் அனுமதி 6.2-ல் வந்தபோது, புதுப் பயனருக்கு இயல்பாக எல்லாச் சேனலும் திறந்திருந்தன, 7.0-வில் இயல்பாக எதுவும் திறந்திருக்காது. பயனர் அனுமதியை அமைக்கும் ஏசிஎல் செட்யூசரில் & குறியோடு சேனல் மாதிரியைக் கொடுக்க வேண்டும். பிசப்ஸ்கிரைப் செய்கிறவருக்கு, அவர் கேட்கும் மாதிரியும் அனுமதியில் எழுதிய மாதிரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

அறிகுறி: செய்தி வருகிறது, டேட்டாபேஸில் ஆர்டர் இல்லை

ரெடிஸ் வேகமானது என்பதாலேயே வரும் கோளாறு. கவுன்டர் நிரல் டிரான்சாக்ஷனுக்குள் ஆர்டரை எழுதி, பப்ளிஷ் செய்து, அதன் பிறகு கமிட் செய்கிறது. கமிட் முடிவதற்குள் சமையலறை நிரல் செய்தியைக் கேட்டு டேட்டாபேஸில் தேடிவிடும். உங்கள் கணினியில் வரவே வராது, கூட்ட நேரத்தில் பத்துக்கு ஒன்று வரும். கமிட்டுக்குப் பிறகு பப்ளிஷ் செய்யுங்கள். பைதானின் ஜாங்கோ ஃப்ரேம்வொர்க்கில் ஆன்-கமிட் இதற்காகவே இருக்கிறது. கேட்கும் பக்கத்தில் அரை வினாடி தூங்க வைப்பது தீர்வாகாது.

அறிகுறி: கீ காலாவதியான செய்தி தாமதமாக வருகிறது, அல்லது வருவதே இல்லை

ஒரு கீ காலாவதியானால் ரெடிஸே பப்-சப்பில் செய்தி போடும் வசதிக்குக் கீஸ்பேஸ் அறிவிப்பு என்று பெயர். வருவதே இல்லையென்றால், அது இயல்பாக அணைந்திருக்கும். நோட்டிஃபை-கீஸ்பேஸ்-ஈவென்ட்ஸ் அமைப்பில் பெரிய ஈ, சிறிய எக்ஸ் இரண்டையும் போடுங்கள். கிளஸ்டரில் இந்த அறிவிப்புகள் மற்ற நோடுகளுக்குப் பரவாது, ஒவ்வொரு நோடிலும் தனியே கேட்க வேண்டும். தாமதம் என்றால், அது அப்படித்தான். நேரம் முடிந்ததும் அறிவிப்பு வராது. ரெடிஸ் அந்தக் கீயை உண்மையில் நீக்கும்போதுதான் வரும். யாரும் தொடாத கீயைப் பின்னணியில் தேடித்தான் நீக்குகிறது, கீகள் குவிந்திருந்தால் நேரம் பிடிக்கும். "15 நிமிடத்தில் பணம் வராவிட்டால் மேசையை விடுவி" போன்ற வேலையை இதை நம்பி வைக்காதீர்கள்.

எல்லாச் செய்திகளும் சில நேரம் தடங்கி வந்தால் ஸ்லோலாக் பாருங்கள். ரெடிஸ் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யும். யாரோ எல்லாக் கீகளையும் பட்டியலிடும் கீஸ் * கொடுத்திருந்தால் பப்ளிஷும் அதன் பின்னால் நிற்கும். 10 மில்லிவினாடிக்கு மேல் எடுத்தவை இயல்பாகவே அங்கே பதிவாகும்.

அறிகுறி: மறுஇணைப்புக்குப் பிறகு நடுவில் சில காணவில்லை

இணைப்பு எப்படியும் அறும். அறுந்த அந்த ஐந்து வினாடியில் வந்தவை பப்-சப்பில் திரும்பக் கிடைக்காது, அதற்கு எந்த அமைப்பும் இல்லை. சமையலறைத் திரையை நாங்கள் இப்படி மாற்றினோம்: இணைந்ததும் முதலில் சப்ஸ்கிரைப், உறுதிப்பதில் வரும்வரை காத்திருப்பு, அதன் பிறகு டேட்டாபேஸிலிருந்து "இன்னும் சமைக்காதவை" பட்டியல், அப்புறம்தான் செய்திகளைக் கையாள்வது. இந்த வரிசை முக்கியம். பட்டியலை முதலில் எடுத்துவிட்டு சப்ஸ்கிரைப் செய்தால், இரண்டுக்கும் நடுவில் வரும் ஆர்டர் தொலைந்துவிடும். சரியான வரிசையில் ஓர் ஆர்டர் இரண்டு வழியிலும் வரலாம்; ஆர்டர் எண்ணை வைத்து ஒன்றைத் தள்ளிவிடலாம்.

டேட்டாபேஸில் பதிவே இல்லாத செய்திகளுக்கு, அதாவது செய்திதான் ஒரே ஆதாரம் என்ற இடத்துக்கு, பப்-சப்பை விட்டுவிடுங்கள். 2018-ல் வந்த 5.0 பதிப்பிலிருந்து, செய்திகளைச் சேமித்து வைக்கும் ஸ்ட்ரீம்ஸ் இருக்கிறது. எக்ஸ்ஆட் போட்டது நீங்கள் வெட்டும்வரை ஸ்ட்ரீமில் நிற்கும். எக்ஸ்ரீட்குரூப்பில் எடுத்தவர் எக்ஸ்ஆக் கொடுக்கும்வரை நிலுவையிலும் இருக்கும். எங்கள் எஸ்எம்எஸ் அனுப்பும் வேலையை அதற்குத்தான் மாற்றினோம். நான்கு வொர்க்கர் இருந்தும் இப்போது பில்லுக்கு ஒன்றுதான் போகிறது. அனுப்பும் நடுவில் ஒரு வொர்க்கர் விழுந்தால், நிலுவையில் ஒரு நிமிடத்துக்கு மேல் கிடப்பதை இன்னொன்று எக்ஸ்ஆட்டோகிளெய்மில் எடுத்துக்கொள்கிறது. சமையலறைத் திரை இன்னும் பப்-சப்பில்தான் ஓடுகிறது, 30 வினாடித் துடிப்போடு.